கடன் கொப்பியும் ஒரு விண்ணப்பமும்

சென்ற பரிசளிப்பு விழாவுக்கு வந்திருந்தபோது உயர்தரக் கலைப்பிரிவுத் தங்கைமார் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ராத்தா, பொதுக் கொள்கை என்று ஒரு முதுமாணிப் படிப்பு இருக்கிறதாமே, அதற்கு எப்படி விண்ணப்பிப்பது? எங்களைப் போன்றவர்களை எடுப்பார்களா?" என்று கேட்டார்கள். பதுளை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்று அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டுப் போனேன். மலருக்குப் பொறுப்பான ஆசிரியை விடவில்லை. சொல்லாமல் விட்டதை எழுதித் தரச் சொன்னார். பெற்றோரும் வாசிக்கும் மலர் என்பதால் அவர்களுக்குரிய ஓரிரு விடயங்களையும் இடையில் சேர்த்திருக்கிறேன்.

முதலில், அது என்ன படிப்பு? எங்கள் ஊரிலிருந்தே சொல்கிறேன். ஸ்பிரிங்வெளியில் பிறந்த எவருக்கும் லயத்துக்கு ஏறும் பாதையைத் தெரியும். மழை விட்டு மூன்று நாளானாலும் சேறு காயாது. பிரதேச சபையிடம் காசில்லை, இல்லாவிட்டால் மனமில்லை என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். மூன்றாவது ஒரு காரணமும் இருக்க முடியும் என்பது பேராதனையில் படிக்கும்போதுதான் தெரிய வந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம். உறுப்பினரைக்கூடத் தெரிவு செய்யலாம். ஆனால் அந்தச் சபையின் காசு அவர்கள் வாழும் லயத்து வாசலுக்கு வருவதற்குச் சட்டம் குறுக்கே நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது வருடத்துக்கு மேல்!

திருத்தம் வந்ததும் பாதை தானாகச் சீராகிவிடவில்லை. காணி 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனியின் நிர்வாகத்தில் இருக்கிறது. சபைக்கு வருமானம் குறைவு. எந்தப் பாதை முதலில் என்பதைத் தீர்மானிப்பதில் அரசியல் இருக்கிறது. சட்டம், பணம், நிர்வாகம், அரசியல் நான்கும் ஒரு சேற்றுப் பாதையில் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அந்த முடிச்சை எங்கே பிடித்து அவிழ்ப்பது என்று கற்பிப்பதுதான் பொதுக் கொள்கைக் கற்கைநெறி.

இதைக் கற்பிக்கும் இடங்கள் பல. அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய ஹாவர்ட் கென்னடி பள்ளி, சிங்கப்பூரில் 2004இல் தொடங்கிய லீ குவான் யூ பள்ளி, ஒக்ஸ்போர்ட்டில் பிளவட்னிக் பள்ளி என்று பெயர்களை அடுக்கலாம். இந்தியாவில் பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி 2014 முதல் இதை நடத்துகிறது. நம் நாட்டில் அரச உத்தியோகத்தர்களுக்காக இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவகம் இதற்கு நெருங்கிய முதுமாணியொன்றை வைத்திருக்கிறது. சில பள்ளிகளில் பொருளியலும் புள்ளிவிபரமும் முதுகெலும்பு. சிலவற்றில் அரசியலும் நிர்வாகமும். பள்ளியின் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள், முதல் தவணையில் என்ன பாடம் கட்டாயம் என்று பாருங்கள். இதை நான் காசு செலவழித்துக் கற்றுக்கொண்டேன்.

2021இன் கடைசியில் மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். மூன்றிலிருந்தும் ஒரே மாதிரியான, மரியாதையான மின்னஞ்சல் வந்தது. இடமில்லை. பல நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். பிறகு என் விண்ணப்பத்தை நானே வேறு யாரோ எழுதியதுபோல் எடுத்து வாசித்தேன். முதல் வரி இப்படி: "சிறுவயதிலிருந்தே வறிய மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற தாகம் என்னுள் கொழுந்துவிட்டு எரிந்தது." தாகம் எப்படி எரியும் என்பது ஒருபுறமிருக்க, அந்த வரியைப் பேராதனையில் என்னோடு படித்த யாரும் எழுதியிருக்கலாம். பேராதனையையே பாராத ஒருவரும் எழுதியிருக்கலாம். என்னைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. பக்கம் முழுவதும் "வறுமை", "பின்தங்கிய", "அர்ப்பணிப்பு" என்ற சொற்கள். ஒரு இலக்கம் இல்லை. ஒரு ஆள் இல்லை. நான் ஒரு விடயத்தில் பிழைவிட்டுத் திருந்தினேன் என்பதற்கு அடையாளமும் இல்லை.

சிபாரிசுக் கடிதம் அதைவிடக் கேவலம். ஊரில் செல்வாக்குள்ள பெரிய மனிதர் ஒருவரிடம் வாப்பா நேரில் போய் வாங்கி வந்தார். முத்திரையும் கடிதத் தலைப்பும் பளபளத்தன. உள்ளே, நான் நற்குணமுள்ள, கௌரவமான குடும்பத்துப் பிள்ளை என்று இருந்தது. கலியாணம் பேசுவதற்குப் பொருத்தமான கடிதம், முதுமாணிக்கு அல்ல. அவர் மீது பிழையில்லை. அவருக்கு என் வேலையைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்போது நான் பதுளையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். தோட்டச் சம்பளம்தான் எங்கும் பேச்சாக இருந்த காலம். 2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் அது 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்டப் படி. ஊரில் பட்டாசு கொளுத்தினார்கள். சில மாதம் போனதும் எங்கள் கடை வாசலில் நின்று பேசுகிறவர்களின் பேச்சு மாறியது. "ஆயிரம்னு சொன்னாங்க நானா, வேலை நாளைக் கொறைச்சுட்டாங்களே" என்றார்கள். கொழுந்தின் அளவைக் கூட்டிவிட்டார்கள், குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள் என்றார்கள்.

கணக்கு எளிது. 700 ரூபாய்க்கு 25 நாள் வேலை என்றால் 17,500. 1,000 ரூபாய்க்கு 17 நாள் மட்டும் கிடைத்தால் 17,000. நாட்சம்பளம் ஏறியும் மாதச் சம்பளம் இறங்கலாம். ஆனால் இது "லாம்". உண்மையில் எங்கள் ஊரில் நடந்தது என்ன? யாரிடம் அந்தக் கணக்கு இருக்கிறது?

விடை எங்கள் கடை மேசையின் லாச்சிக்குள் கிடந்தது. வாப்பாவின் கடன் கொப்பி.

தோட்டத்துக் கடைத்தெருவில் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குடும்பத்துக்கு ஒரு பக்கம். மா, சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் வாங்க வாங்க எழுதுவது. சம்பள நாளில் வந்து கட்டுவது. மிச்சத்தை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவது. 2019 முதலான கொப்பிகள் எல்லாம் இருந்தன. மாத முடிவில் ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு மிச்சக் கடன் என்று எடுத்தால் அந்த வீட்டின் மூச்சு ஏறி இறங்குவது தெரியும். கொழும்பில் இருக்கும் எந்த ஆய்வாளரிடமும் இல்லாத ஒன்று என் கைக்கெட்டிய தூரத்தில்! ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தோசமாக லாச்சியைத் திறந்தேன்.

வாப்பா கையைப் பிடித்துவிட்டார். "மகள், கொப்பி எங்கட. கடன் அவங்கட" என்றார். யார் எவ்வளவு கடன்பட்டார் என்பது அமானிதம், அதைப் படிப்புக்காகக்கூட வெளியே எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு லாச்சியைப் பூட்டினார். பெயர் போட மாட்டேன் என்றேன். "நீ போடாட்டியும் நீ வாசிக்கிறாய்தானே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. உம்மாவிடம் போய் முறையிட்டேன். உம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "அவங்கட கடன் என்றால் அவங்களிட்டயே கேளேன்" என்றார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் ஆய்வு ஒழுக்கநெறி வகுப்பில் இருந்தபோது எனக்கு இந்த இரண்டு வசனங்களும் மட்டுமே ஞாபகத்தில் இருந்தன. அங்கே படிவம் நிரப்பிக் கையொப்பம் வாங்கக் கற்பித்தார்கள். எதற்காக என்பது எனக்குக் கடையிலேயே விளங்கியிருந்தது.

41 வீடுகளுக்குப் போனேன். வேலை முடிந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பு மூட்டும் நேரத்தில்தான் ஆட்களைப் பிடிக்கலாம். என்ன செய்யப் போகிறேன், யார் பார்ப்பார்கள், எதை எழுத மாட்டேன் என்று சொன்னேன். ஒரு ஆச்சி, "எம் பேரு வராதுன்னா எழுதிக்க தாயி, வந்தாலும் என்ன, ஊருக்கே தெரிஞ்ச கடன்தானே" என்று சிரித்தார். 26 வீட்டார் சம்மதித்தார்கள். 15 வீட்டார் வேண்டாம் என்றார்கள். ஏன் என்று கேட்கவில்லை. வாப்பா அந்த 15 பக்கங்களையும் கடுதாசியால் மூடி ஊசி குத்தித் தந்தார்.

இரவு இரவாக இலக்கங்களைக் கணனியில் ஏற்றினேன். வரைபு வந்தது. 2021 நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலான வீடுகளின் கடன் மேலே போனது. "சம்பள உயர்வு தோட்ட மக்களைக் கடனாளியாக்கியது" என்று தலைப்புப் போட்டுப் பேராதனையில் எனக்குக் கற்பித்த மேடம் ஒருவருக்கு அனுப்பினேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது மூன்று கேள்வி. முதலாவது: அதே 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்களே, அதனால் கொழுந்து குறைந்து வேலை நாள் குறையவில்லை என்று எப்படித் தெரியும்? இரண்டாவது: சாமான் விலை ஏறியபோது அதே ஒரு கிலோ மாவுக்கே கடன் தொகை கூடுமே, அதைக் கழித்தாயா? மூன்றாவது கேள்விதான் என்னை உட்கார வைத்தது. "2022 நடுவில் எல்லா வீட்டின் கடனும் சடாரென்று இறங்குகிறது. பணவீக்கம் உச்சத்துக்குப் போன வருடத்தில் உங்கள் ஊர் மக்கள் மட்டும் வசதியாகிவிட்டார்களா?"

வரைபைத் திரும்பப் பார்த்தேன். உண்மைதான். கோடு மலையிலிருந்து விழுவதுபோல் விழுகிறது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். நாட்டின் தேயிலை உற்பத்தி முந்திய வருடத்தின் ஏறக்குறைய 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடிக்கு விழுந்த வருடம் அது. அந்த நேரத்தில் கடன் எப்படிக் குறையும்?

வாப்பாவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பதுளை மொத்தக் கடைக்காரன் கைக்காசு கேட்டான். நான் கடன் குடுக்கிறத நிப்பாட்டினேன் மகள்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே கோடு இறங்கியதற்குக் காரணம் மக்களின் கஷ்டம் குறைந்தது அல்ல, கடையின் கதவு மூடியது. மாவு வாங்காமல் போன வீடு கொப்பியில் நல்ல வீடாகத் தெரிந்தது. கொப்பி பொய் சொல்லவில்லை. நான் அதைத் தவறான கேள்விக்குச் சாட்சியாக அழைத்திருந்தேன். இலங்கைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் அறிக்கையாகட்டும், உலக வங்கியின் அட்டவணையாகட்டும், எந்த இலக்கத்தைக் கண்டாலும் "இதை எழுதியது யார், எந்த நாளில், எதை எழுதாமல் விட்டார்" என்று கேட்கும் பழக்கம் எனக்கு அன்று வந்தது. முதுமாணியில் ஒரு முழுத் தவணை இதையே வேறு பெயரில் படித்தோம்.

பிறகு என் தலைப்பைச் சுருக்கினேன். சம்மதித்த 26 வீடுகளில் 11 வீட்டில் பழைய சம்பளத் துண்டுகளைச் சீனி டின்னுக்குள்ளும் சாமிப் படத்துக்குப் பின்னாலும் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதில் வேலை நாள் எழுதியிருக்கும். உயர்வுக்கு முந்திய மாதங்களையும் பிந்திய மாதங்களையும் ஒப்பிட்டேன். உரத்தடையின் விளைவு தெரிய முன்னரான சில மாதங்களைத் தனியாகப் பார்த்தேன். சில வீடுகளில் நாட்கள் குறைந்திருந்தன, சிலவற்றில் இல்லை. பிள்ளை கொழும்பில் வேலை செய்யும் வீடுகள் தாங்கின. 11 வீட்டை வைத்து நாட்டுக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. "நாட்சம்பளத்தை மட்டும் நிர்ணயித்து வேலை நாளைக் கணக்கில் எடுக்காத கொள்கை, மாத வருமானத்துக்கு உத்தரவாதம் தராது" என்பதுதான் என்னால் சொல்ல முடிந்தது. ஒன்பது பக்கம். அவ்வளவுதான் என் "ஆய்வு". அந்த ஒன்பது பக்கம்தான் என் விண்ணப்பத்தை மாற்றியது.

அடுத்த முறை, 2022இல், பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பித்தேன். 1983 முதல் நடக்கும் திட்டம் இது. ஓகஸ்ட்டில் திறந்து சில மாதங்களில் மூடும். நிபந்தனைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பட்டத்தோடு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். பயந்துவிடாதீர்கள், வாரம் 35 மணித்தியாலம், வருடத்துக்கு 40 வாரம் என்று பிடித்தால் இரண்டு வருடம். சம்பளமில்லாத தொண்டு வேலையும் பகுதிநேர வேலையும் கணக்கில் சேரும். ஆகவே இன்றிலிருந்தே செய்கிற வேலைக்குத் திகதியும் மணித்தியாலமும் எழுதி வையுங்கள். பள்ளிவாசல் நிவாரணக் குழுவுக்குப் பட்டியல் தயாரித்ததும் வேலைதான், கணக்கு இருந்தால். மற்ற நிபந்தனை, படித்து முடித்தால் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். பெற்றோரே, பிள்ளை போனால் திரும்பி வராதோ என்று அஞ்சுபவர்கள் இதைக் கவனியுங்கள்.

தலைமைத்துவம் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். நம்மில் பலர் இந்த இடத்தில் மாணவத் தலைவி, இல்லத் தலைவி, தமிழ் மன்றச் செயலாளர் என்று பதவிகளை அடுக்குவோம். முதல் முறை நானும் அடுக்கினேன். இம்முறை 41 கதவைத் தட்டியதை எழுதினேன். 15 பேர் வேண்டாம் என்றதையும் எழுதினேன். தொழில் திட்டம் பற்றிய கட்டுரையில் "நாட்டுக்குச் சேவை" என்ற சொல் வரவேயில்லை. உள்ளூராட்சி நிறுவனங்களின் வரவு செலவில் தோட்டக் குடியிருப்புக்கு ஒதுக்கப்படுவதைப் பின்தொடரும் வேலை. அதற்கு எனக்குத் தெரியாதது பொது நிதி. அதைக் கற்பிக்கும் கற்கைநெறி இது. திரும்பி வந்ததும் பதுளையில் இன்ன வேலை. ஒன்றிலிருந்து ஒன்று படியிறங்குவதுபோல் வந்தது. முதல் வரி: "என் தந்தை 2022இல் கடன் கொடுப்பதை நிறுத்தினார், என் வரைபில் எங்கள் ஊர் செழித்ததாகத் தெரிந்தது."

அந்த வரியை எழுத வாப்பாவிடமும் அனுமதி கேட்டேன். "எழுது. ஆனா ஏன் நிப்பாட்டினேன் எண்டும் எழுது" என்றார்.

சிபாரிசுக்கு இம்முறை முத்திரைகளைத் தேடவில்லை. ஒருவர் அந்த மூன்று கேள்வி கேட்ட மேடம். என் முதல் தலைப்பு எவ்வளவு பிழை, அதை நான் எத்தனை நாளில் எப்படித் திருத்தினேன் என்று அவரால் எழுத முடியும். மற்றவர் வேலைத்தலத்தில் என் மேலதிகாரி. நான் கொடுத்த அட்டவணைகளைக் கூட்டிப் பார்த்துப் பிழை பிடித்தவர். நம்மைக் குறைகூறியவரிடம் கடிதம் கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் வாசிப்பவர்கள் நம்புவது, குறையையும் கண்டவரின் பாராட்டைத்தான். ஆறு வாரத்துக்கு முன்னரே கேளுங்கள். கேட்கும்போது உங்கள் கட்டுரை வரைவையும், எந்த வேலையை அவர் நேரில் கண்டார் என்ற சிறு குறிப்பையும் கொடுங்கள். கடைசி நாளுக்கு முந்திய இரவு தொலைபேசி எடுத்து அழாதீர்கள். நான் முதல் முறை அழுதேன்.

என் பெரிய ஓட்டை கணிதம். சாதாரண தரத்தோடு விட்டது. உயர்தரத்தில் தமிழும் அரசறிவியலும் புவியியலும். கலைப்பிரிவுப் பிள்ளைகள் இந்த ஓட்டையை விண்ணப்பத்தில் மறைக்கப் பார்ப்போம். மறைத்தால் பெறுபேற்றுத் தாள் காட்டிக்கொடுக்கும். நான் இணையவழியில் அடிப்படைப் புள்ளிவிபரம் ஒன்றும் நுண்பொருளியல் ஒன்றும் முடித்துச் சான்றிதழைச் சேர்த்தேன். அதைவிட, கொப்பியிலிருந்து நானே செய்த அட்டவணை ஒன்றை மாதிரி எழுத்தாக இணைக்க முடிந்த இடங்களில் இணைத்தேன். சில அமெரிக்கப் பள்ளிகள் ஜிஆர்ஈ என்ற பரீட்சையும் கேட்கும். ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ், பல இடங்களில் 6.5 புள்ளி வேண்டும், பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். அதற்காக வகுப்புக்குக் காசு கொட்டுவதற்கு முன் ஒரு வருடம் தினமும் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து, அதன் சுருக்கத்தை ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். எனக்கு உதவியது அதுதான். சனிக்கிழமை வகுப்பு பெரும்பாலும் பஸ்ஸில் போய் வருவதிலேயே முடிந்தது.

கொழும்பில் நேர்முகப் பரீட்சை. வாப்பாவும் நானும் இரவு பஸ்ஸில் போய் சுபஹ் நேரத்தில் தெமட்டகொடை மாமி வீட்டில் இறங்கினோம். நான் பிரித்தானியப் பிரதமர்களின் பெயர்களை எல்லாம் மனனம் செய்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் கேட்டார்: "அந்த 15 வீட்டார் சம்மதித்திருந்தால் உங்கள் முடிவு மாறியிருக்குமா?" மாறியிருக்கலாம் என்றேன். அதிகக் கடன்பட்டவர்கள்தான் வேண்டாம் என்றிருக்கக்கூடும். ஆகவே என் கணக்கு ஊரின் நிலையைக் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்றேன். அப்படியானால் ஏன் வற்புறுத்திக் கேட்கவில்லை என்றார் அவர். "கடன் அவர்களுடையது" என்றேன். வாசலில் காத்திருந்த வாப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. வழியில் கடையில் நிறுத்தி எனக்கு ஒரு ஃபலூடா வாங்கித் தந்தார்.

2023 செப்டெம்பரில் பிரிஸ்டல் போய் ஒரு வருடத்தில் பொதுக் கொள்கை முதுமாணி முடித்துத் திரும்பினேன். அந்த ஒரு வருடத்தைப் பற்றி வேறொரு மலரில் எழுதலாம். பெற்றோர் எல்லோரும் கேட்பதற்கு மட்டும் பதில்: தங்குமிடத்தில் பெண்களுக்குத் தனித் தளம் கேட்டு வாங்கலாம், ஹலால் கடை நடந்து போகும் தூரத்தில் இருந்தது, கலியாணம் அங்கே போனதால் தட்டிப்போகவில்லை, கொஞ்சம் பிந்தியது, அவ்வளவுதான். பிள்ளை விண்ணப்பிக்கும் வருடத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, பெரிய மனிதர்களிடம் கடிதம் வாங்கித் தருவதல்ல. உங்கள் தொழிலில் உங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். தையல் கடையாக இருந்தாலும் சரி, மரக்கறி லொறியாக இருந்தாலும் சரி, வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து வந்த தாயாக இருந்தாலும் சரி. பல்கலைக்கழக நூலகத்தில் கிடைக்காதது உங்கள் வாயில் இருக்கிறது.

உயர்தரத்தில் இருக்கும் தங்கைமார் பட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச சபையிடமோ வலயக் கல்வி அலுவலகத்திடமோ எழுத்தில் கேள்வி கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். "சென்ற மூன்று வருடத்தில் எங்கள் வட்டாரத்தில் எந்தெந்தப் பாதைக்கு எவ்வளவு செலவானது?" ஒரு பக்கக் கடிதம். பதில் வந்தால் அதை நடந்து போய்ப் பாதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் மேன்முறையீடு செய்யுங்கள். அதன் திகதிகளையும் எழுதி வையுங்கள். வீட்டு வருமான செலவின ஆய்வில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறையாகப் பிரித்து இலக்கம் இருக்கிறது, இணையத்தில் இலவசம். ஹன்சார்ட்டில் நம் மாவட்ட உறுப்பினர்கள் என்ன பேசினார்கள் என்பதும் கிடைக்கும். கேள்வி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பாடசாலை பஸ் ஏன் அந்த வளைவோடு திரும்பிவிடுகிறது என்பதே போதும். ஆனால் கேட்டுவிட்டு நடுவில் விடக்கூடாது, வந்த பதில் நமக்குப் பிடிக்காவிட்டாலும்.

வாப்பா இப்போது மறுபடியும் கடன் கொடுக்கிறார், அளவாக. புதுக் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் அன்றைய ஒரு கிலோ மாவின் விலையை எழுதி வைக்கிறார். ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு ஆரும் கேட்டா" என்றார்.

யாராவது இந்த வருடம் விண்ணப்பக் கட்டுரை எழுதினால் மலர் ஆசிரியையிடம் கொடுத்து விடுங்கள். வாசித்துக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவேன். ஓகஸ்ட்டுக்கு முன் தந்தால் நல்லது. கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் ஊரில் கொழுந்துக் காலம், கடையில் ஒரு கை குறையும், நானும் மேசையில் நிற்க வேண்டிவரும். முதல் வரியில் "தாகம்" இருந்தால் சிவப்பு மையில் கோடு போடுவேன், கோபிக்கக் கூடாது.